பால் மறக்கச் செய்தது யார்?

 

தாய்ப்பாலைப் பற்றி வியாபாரிகளின் சங்க ஏட்டில் என்ன பேச்சு, இது பெண்மக்கள் வீட்டினுள் தமக்குள் பேசிக்கொள்ளும் விஷயமன்றோ என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் கலீஃபா உமர் (ரலி) அவர்களுடைய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை மறுபடி படித்தபோது, இப்பேச்சு முதலில் ஆண்களுக்கே உரியது, அதிலும் சம்பளம் கொடுப்போருக்கும் சரக்கு விற்போருக்கும் உரியது என்பது விளங்கிற்று.

மதீனாவுக்கு ஒரு வியாபாரக் கூட்டம் வந்து தொழுகைத் திடலில் தங்கிற்று. ஆம், நம்மைப் போன்ற வியாபாரிகள்தாம். களவு போய்விடாமல் இவர்களுக்குக் காவலிருப்போம் என்று கலீஃபா அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களையும் அழைத்துக்கொண்டு சென்றார்கள். இருவரும் இரவெல்லாம் விழித்திருந்து தொழுதுகொண்டிருந்த வேளையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. உமர் (ரலி) அவர்கள் தாயிடம் சென்று, அல்லாஹ்வை அஞ்சிக் குழந்தையைக் கவனி என்று சொல்லித் திரும்பினார்கள். மறுபடி அழுகை, மறுபடி சென்றார்கள். இரவின் கடைசியிலும் அழுகை நிற்கவில்லை. நீ என்ன தாய், குழந்தை இரவெல்லாம் அமைதியின்றி இருக்கிறதே என்று கடிந்துகொண்டார்கள். அப்பெண்ணோ, எதிரில் நிற்பவர் யாரென்று அறியாமல், குழந்தைக்குப் பால் மறக்கச் செய்கிறேன், அது இணங்க மறுக்கிறது என்றாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணம் யாதெனில், பால் மறந்த குழந்தைக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார் என்பதே. குழந்தைக்கு ஆகியிருந்ததோ சில மாதங்கள்தாம்.

அன்று சுபுஹுத் தொழுகையில் கலீஃபா அவர்கள் ஓதியது ஜனங்களுக்கு விளங்கவில்லை. அழுகை அவ்வளவு மேலிட்டிருந்தது. முஸ்லிம்களின் குழந்தைகளில் எத்தனை உயிர் தம்மாற் போயிற்றோ என்று நொந்து, பால் மறக்க அவசரப்படாதீர்கள், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று ஊரெங்கும் பறைசாற்றச் செய்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இரவில் அந்தத் தாயைக் கடிந்தவர்கள், காலையில் குற்றத்தைத் தம்மீதே ஏற்றுக்கொண்டார்கள். தாய் பால் நிறுத்தினாள் என்பது கண்ணுக்குத் தெரிவது. நிறுத்தும்படி செய்தது எது என்பது விசாரித்தால்தான் தெரியும். நாமோ முதலாவதோடு நின்றுவிடுகிறோம். “இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பால் ஊறுவதில்லை” என்று மாமியார் சொல்ல, கடைக்காரராகிய மகன் ஒரு டின்னை எடுத்து வந்து வைக்க, காரியம் முடிந்தது.

இந்த டின் விஷயத்தில் மலாயா நாட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஜமைக்காவில் 1893இல் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் லேடி டாக்டர், ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில் (இன்றைய கானா) குழந்தைகளின் நோய்களை ஆராய்ந்துவிட்டு, 1936இல் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார். இங்கே அவர் கண்டது என்னவெனில், நர்சுகளைப் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள் பிள்ளை பெற்ற வீடுகளுக்குச் சென்று, இனிப்புக் கட்டிப்பாலே குழந்தைக்கு மேலானது என்று சொல்லித் தாய்மாரை நம்பச் செய்ததும், அந்தக் குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் சத்துக்குறைவிலும் மடிந்ததும்தான். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், அதாவது கனவான்களும் வர்த்தகப் பிரமுகர்களும் கூடிய சபையில், “பாலும் கொலையும்” என்ற தலைப்பில் பிரசங்கம் செய்தார். தவறான பிரசாரத்தால் நேரும் இம்மரணங்களைக் கொலையென்றே கருதவேண்டும் என்று அச்சபையில் அஞ்சாமற் சொன்னார். பின்னர் ஜப்பான்காரர்களின் ஆட்சியில் அவர் சாங்கிச் சிறையில் வாடியது தனிக்கதை.

கட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. வறுமைப்பட்ட தாய் அதையும் நீட்டி நீட்டிக் கலக்குவாள். கொதிக்காத தண்ணீர், கழுவாத புட்டி, அதன்மேல் ஈ. கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற காலத்தை எண்ணிப் பாருங்கள். ரப்பர்ப் பால் வாளியில் நிறைய, அவள் மார்பிலே பால் கட்டிக்கொள்ள, குழந்தைக்குக் கிடைத்தது டின் பால் கலந்த தேநீர். அந்த டின் எந்தக் கடையிலிருந்து போயிற்று? நம்மவர் கடைகளிலிருந்தும் போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. கணக்குப் புத்தகத்தில் கடனாக எழுதிக் கொடுத்தோம். அறியாமற் செய்தோம் என்று சொல்லலாம். இன்று அறியவில்லை என்று சொல்ல முடியாது.

ஏனெனில் விஷயம் உலகறிந்ததாகிவிட்டது. மலேசியாவில் 1979லேயே குழந்தைப்பால் மாவு விற்பனைக்கு ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டன. 1981 மே மாதத்தில் உலக சுகாதார மன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் சரக்குகளின் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. உலகெங்கும் ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறதே, அதை நடத்தும் கூட்டமைப்பின் தலைமை அலுவலகம் நம் பினாங்கிலேதான் இருக்கிறது. இன்று நம் அலமாரியில் கட்டிப்பாலுக்குப் பக்கத்தில், அதே உருவத்தில், செம்பனை எண்ணெய் சேர்ந்த இனிப்புக் கிரீமரும் நிற்கிறது. தேநீருக்கு அது போதும். குழந்தைக்கு இரண்டும் ஆகா. கைக்குழந்தைக்கென்று எவரேனும் கேட்டால், இல்லை என்று சொல்லி அனுப்புவது வியாபார நஷ்டமன்று. சரக்கின் குறையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விற்பது ஆகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரிகளுக்கு இட்ட கட்டளையன்றோ?

இனி, திருமறை என்ன சொல்கிறது? அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் தாய்மாருக்கு முழுமையான தவணையாக ஈராண்டுகளைக் குறிக்கிறது. குறித்த கையோடு தந்தையின் பக்கம் திரும்பி, அவளுக்கு உணவும் உடையும் முறைப்படி கொடுப்பது அவன் கடமை என்கிறது. எவரையும் சக்திக்கு மேல் சுமத்தலாகாது, குழந்தையைக் காரணமாக்கித் தாயையோ தந்தையையோ துன்புறுத்தலாகாது, முன்னதாகப் பால் நிறுத்துவதாயினும் இருவரும் கலந்து பேசி மனமொப்பிச் செய்யவேண்டும் என்றும் விதிக்கிறது. பாலூட்டும் தாய்க்கு நோன்பிலும் சலுகை உண்டு; விட்டதைப் பிறகு நிறைவேற்றும் விவரத்தைத் தத்தம் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

சீம்பாலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலைக் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீர் ஊட்டும் வழக்கம் தாய்நாட்டிலிருந்து நம்மோடு கப்பலேறி வந்தது. இது மார்க்கமுமன்று, மருத்துவமுமன்று. ஷாஃபிஈ மத்ஹபின் பெருநூலாகிய இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், தாய் இந்த முதற்பாலைப் புகட்டுவது கடமை என்றே எழுதியிருக்கிறது. பிற்பாடு செவிலித்தாயை வைத்துக்கொள்ளலாம். முதற்பாலுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் வாழ்ந்ததோ ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டு. நோயை எதிர்க்கும் சக்தி அதிலேதான் செறிந்திருக்கிறது என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். அளவு கொஞ்சம்தான். பிறந்த குழந்தையின் வயிறும் சிறிதுதானே!

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் சேர்க்கவேண்டும். ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் ஒன்றே போதும். நம் ஊர் வெயிலிலுங்கூடத் தனியாகத் தண்ணீர் வேண்டியதில்லை. அதன்பின் மற்ற ஆகாரத்தோடு ஈராண்டும் அதற்கு மேலும் கொடுக்கலாம். பால் போதவில்லை என்று வீட்டார் சொல்லும்போது அவசரப்படக்கூடாது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டின்னைத் திறந்தால் குழந்தை குறைவாகச் சப்பும்; குறைவாகச் சப்பினால் குறைவாக ஊறும்; முடிவில் மாமியார் சொன்னது மெய்யாகிவிடும். காம்பின் நுனியை மட்டும் கவ்வினால் புண்ணாகும். கரிய வட்டமும் வாய்க்குள் போகும்படி அணைத்துப் பிடிக்கவேண்டும். முதல் வாரம் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று அறிக. சுறாப்புட்டும் பூண்டும் முருங்கைக்கீரையும் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவளுடைய தூக்கத்தை யார் கொடுப்பது? மார்பு கட்டிச் சிவந்து காய்ச்சல் வந்தால் பாலை நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டவேண்டும். பிரசவத்துக்குப் பின் அரசாங்கக் கிளினிக்கின் நர்சுகள் வீடு தேடி வருகிறார்கள். வாசலோடு பேசி அனுப்பிவிடாமல் உள்ளே அழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தாய்க்கு முடியாத நிலையும் உண்டு. நோய் இருக்கலாம், தாயே இல்லாமற் போகலாம். அத்தகையவளைக் குறை சொல்வோர் மேற்படி வசனத்தின் பிற்பகுதியைப் படிக்காதவர்கள். வேறொருத்தி பாலூட்ட அதிலேயே அனுமதி இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களே ஹலீமா அம்மையாரிடம் பால் குடித்தவர்கள். ஆனால் பால்குடி உறவு இரத்த உறவைப் போலவே திருமணத்தைத் தடுக்கும். ஷாஃபிஈகளுக்கு ஐந்து தடவை, ஹனஃபிகளுக்குச் சிறிதளவாயினும் போதும். ஆகவே யார் யாருக்கு ஊட்டியது என்று எழுதி வைப்பது அவசியம். மாவுப்பால்தான் வழி என்று டாக்டர் சொன்னால், அளவைக் குறைக்காமல், கொதித்த தண்ணீரில் கலந்து கொடுக்கவேண்டும்.

கடைசியாக நம் கடைகளுக்கு வருவோம். சுங்கை பெசாரிலும் சபாக் பெர்ணத்திலும் நம்மிடம் கல்லாவிலும் துணிப்பகுதியிலும் நிற்கும் பெண்கள் பலர் இளம் வயதினர். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. மணமான ஆணுக்கு ஏழு நாள் தந்தை விடுப்பும் சட்டத்தில் வந்தது. இதைச் சம்பளச் செலவென்று முணுமுணுத்தவர்களை நாம் அறிவோம். 98 நாள் என்பது மூன்று மாதமும் சொச்சமும். குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே வேண்டிய காலமோ ஆறு மாதம். மீதியுள்ள மாதங்களில் அவள் என்ன செய்வாள்? வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்தால் வீட்டில் குழந்தைக்கு ஆகும். வெளியில் வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும், நம் உஷ்ணத்தில் அதற்கும் குறைவு. ஐஸ்பெட்டியில் நான்கு நாள் இருக்கும். அந்தப் பெட்டி நம் கடையில் குளிர்பானத்துக்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு வேண்டியது ஓர் இடமும் அரைமணி நேரமும். கழிவறையைக் காட்டாதீர்கள். பின்கட்டில் அரிசி மூட்டை அடுக்கும் மூலையில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு திரையோ தாழ்ப்பாளோ வைக்க ஒரு பகற்பொழுது போதும். சங்க அங்கத்தினர் கடைகளில் இதை யார் யார் செய்திருக்கிறார்கள் என்று அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்கப்போகிறோம்.