மரண தண்டனை: தகுதியும் அதிகாரமும்

கொலை செய்தவனைக் கொல்லும் உரிமை அரசுக்கு உண்டா என்ற கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. குற்றவாளி சாவுக்கு உரியவனா என்பது ஒன்று. அந்தச் சாவை விதிக்கும் தகுதி மனிதர் நடத்தும் நீதிமன்றத்துக்கு உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்பவரும் இரண்டாவதற்குத் தனியே விடை சொல்லியாக வேண்டும்.

மரண தண்டனையை ஆதரிப்போரில் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் முதன்மையானவர். தண்டனை குற்றத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். கொலைக்கு ஈடு உயிர் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை. பயன் கருதித் தண்டிப்பதை அவர் ஏற்கவில்லை. இத்தாலியரான பெக்காரியா 1764-இல் வெளியிட்ட நூலில் இதற்கு எதிரான நிலையை எடுத்தார். தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாமல் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்றார். திருக்குறளில் இரு நோக்குகளும் உள்ளன. கொல்லாமை அதிகாரம் உயிர்க்கொலையை அறவே விலக்குகிறது. செங்கோன்மை அதிகாரமோ கொடியோரை அரசன் கொலையால் ஒறுப்பதைக் களையெடுப்பாகக் கண்டு ஏற்கிறது. துறவியின் அறமும் ஆள்வோனின் கடமையும் அங்கே தனித்தனியே பேசப்படுகின்றன.

இந்தியச் சட்டம் மரண தண்டனை விதிக்கும் அதிகாரத்தைப் படிப்படியாகச் சுருக்கியது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கொலை வழக்கில் தூக்கு விதிக்காத நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டும். 1955-இல் இந்த விதி நீக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆயுள் தண்டனையே பொது விதியாயிற்று. தூக்கு விதிப்பதற்குத்தான் சிறப்புக் காரணம் தேவைப்பட்டது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நால்வரின் பெரும்பான்மையால் மரண தண்டனை செல்லும் என்றது. ஆனால் ‘அரிதினும் அரிதான’ வழக்குகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. தண்டனை அமர்வுக்கு அமர்வு மாறும் தன்னிச்சைக்கு இடம் தருகிறது என்று நீதிபதி பகவதி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அவருடைய அச்சத்துக்கு ஹர்பன்ஸ் சிங் வழக்கு சான்றாகிறது. ஒரு குடும்பத்தில் நால்வரைக் கொன்ற குற்றத்தில் சம பங்குடைய மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. மூவரின் மனுக்களும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அமர்வுகளுக்குச் சென்றன. ஒருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். இன்னொருவரின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டிருந்தது. கடைசி நேரத்தில் தடையாணை பெற்ற மூன்றாமவரின் தண்டனையைக் குறைக்குமாறு உச்ச நீதிமன்றம் 1982-இல் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. குற்றம் ஒன்று, பங்கும் ஒன்று. முடிவு மட்டும் வேறு. தூக்கிலிடப்பட்டவருக்கு அந்தப் பரிந்துரையால் எந்தப் பயனும் இல்லை. சாவுக்கு உரியவரைச் சாவுக்கு அனுப்புவதே நீதி என்று கொண்டால், அதே நீதியின்படி இது பெரும் அநீதி.

கருணை மனுக்கள் ஆண்டுக்கணக்கில் தேங்குவது இன்னொரு கொடுமை. 2014-இல் சத்ருகன் சௌகான் வழக்கில், காரணமற்ற காலதாமதமே தண்டனைக் குறைப்புக்குப் போதும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் பதினைந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2015-இல் சட்ட ஆணையத்தின் 262-ஆவது அறிக்கை, பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதும் தவிர்த்த பிறவற்றுக்கு மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆயினும் 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது நீடிக்கிறது.

கொல்லப்பட்டவரின் குடும்பம் கேட்கும் நீதியைச் சிறிதாக எண்ண யாருக்கும் உரிமையில்லை. கொடியவரைச் சமூகத்திலிருந்து விலக்கி வைக்க, தண்டனைக் கழிவு இல்லாத நீண்ட சிறைவாசத்தை விதிக்க உயர் நீதிமன்றங்களாலும் உச்ச நீதிமன்றத்தாலும் இன்று முடியும். அதில் பிழை நேர்ந்தால் எஞ்சிய வாழ்வையாவது திருப்பித் தரலாம். தூக்கில் அதற்கும் வழியில்லை. தவறக்கூடிய நீதிமன்றம் திருத்த முடியாத தண்டனையை விதிக்கலாகாது என்பதே மரண தண்டனைக்கு எதிரான வாதங்களில் வலுவானது. குற்றவாளி நல்லவர் என்று அது சொல்லவில்லை. தண்டிப்பவரும் மனிதரே என்று மட்டும் சொல்கிறது.