மகளின் பெயரால்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகத் திடுக்கிடவில்லை. அடிக்கடி கை கழுவுவது, முகக்கவரி அணிவது, கூட்டத்தைத் தவிர்ப்பது எல்லாம் இரண்டு வருடங்களாகவே எங்களுக்குப் பழகியிருந்தன. 2018இல், மகளுக்கு ஏழு வயதானபோது, என் மனைவியின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவளுக்குப் பொருத்தினார்கள். ஊரே எங்களைப்போல வாழத் தொடங்கியதில் எனக்கு ஓர் அற்பத் திருப்திகூட இருந்தது.

மாற்றுச் சிறுநீரகத்தைப் பழைய சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில்தான் வைப்பார்கள். மகள் சட்டையை லேசாகத் தூக்கி, "அம்மா இங்க இருக்காங்க" என்று வருகிறவர்களிடம் காட்டுவாள். ஆனால் உடலுக்கு அம்மாவும் அந்நியர்தான். பெற்றவளின் உறுப்பு என்றாலும் எதிர்ப்புச் சக்தி அதைத் தாக்கி அழிக்கவே பார்க்கும். ஆகவே டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைக் கொடுத்து அந்தக் காவலை மட்டுப்படுத்தி வைக்கிறார்கள். எங்களுக்குக் காலை எட்டு மணி, இரவு எட்டு மணி. இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாங்கள் ஈப்போக்காரர்கள். தம்புன் சாலையோரக் கடைகளில் பம்பளிமாஸ் மலைபோல் குவிந்து கிடக்கும். அதை அவள் சாப்பிடக்கூடாது, மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதன்பின் அந்தப் பழத்தை யாரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

அம்மாவை ஏற்றுக்கொள்வதற்காகத் தளர்த்தப்பட்ட காவல் கிருமிக்கும் தளர்வானதுதானே. எனவே வீட்டுக் கதவை மூடினோம். அதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என்னை உறுத்துவது அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

மனைவியின் தம்பி பினாங்கில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்த்தான். எல்லை மூடி, சுற்றுப்பயணிகள் இல்லாமல் போக, ஆட்களைக் குறைத்தார்கள். ஜூன் 10ஆம் தேதிக்குப் பிறகு மாநிலம் கடக்க அனுமதி கிடைத்ததும் அவன் அழைத்தான். "மச்சான், ரெண்டு மாசம் உங்க வீட்டுல தங்கிக்கவா? ரூம் வாடகை கட்ட முடியல." நான் யோசிக்கவே இல்லை. "பாப்பாவுக்கு ஆபத்துடா" என்றேன். "ஆமா மச்சான், பாப்பாதான் முக்கியம். நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டான். பிறகு ஒரு நண்பனின் கடை மாடியில் படுத்துக்கொண்டு, மோட்டாரில் உணவு விநியோகம் செய்து பிழைத்தான்.

இவன் யார் என்றால், மகளுக்குச் சிறுநீரகம் வேண்டும் என்று தெரிந்த வாரமே பினாங்கிலிருந்து பஸ் ஏறி வந்து இரத்த வகையைப் பரிசோதித்துக்கொண்டவன். வகை பொருந்தியது. மனைவியின் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்ததால் அவனுடையது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரத்தில்தான் ஏர்கோன் பழுதானது. இரண்டு பேர் வந்து ஒரு மணி நேரம் எங்கள் அறையில் நின்று சரிசெய்தார்கள். முகக்கவரி அணிந்திருந்தார்கள், நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். மகளின் பெயரைச் சொல்லி அவர்களை நான் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த மாதம் நாட்டில் தினசரித் தொற்று சில நாள்களில் ஒற்றை இலக்கத்துக்குக்கூட இறங்கியது. பின்னறையில் பதினான்கு நாள் அவனைத் தனியாக இருக்கச் சொல்லியிருக்கலாம். அந்த அறைக்குக் குளியலறைகூட உண்டு.

உண்மை என்னவென்றால், அவன் என்னிடம் வாங்கிய இரண்டாயிரம் வெள்ளியைத் திருப்பித் தரவில்லை. வந்தால் இரண்டு மாதத்தில் போகமாட்டான் என்றும் எனக்குத் தோன்றியது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் நான் சின்ன மனுஷன் ஆகிவிடுவேன். நோயாளிக் குழந்தையின் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவன்தான் கூனிக் குறுகவேண்டும். அந்தப் பெயருக்கு மறுபேச்சு கிடையாது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்று காண்ட் சொன்னதைப் படித்தபோது முதலாளிகளையும் அரசியல்வாதிகளையும்தான் நினைத்துக்கொண்டேன். அப்பன்களை நினைக்கவில்லை.

அன்றிரவு மனைவி ஒன்றும் பேசாமல் மறுநாளுக்கான மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். "பயந்தீங்க, அது தப்பில்ல. பாப்பா பேரச் சொல்லாம இருந்திருக்கலாம்."

ஏனென்றால் மகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சில நாள் கழித்து, "சின்ன மாமா வராததுக்கு என் கிட்னிதான் காரணமாப்பா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். முழு உண்மை. அவள் நம்பவில்லை. நம்பவைக்க வேண்டுமென்றால் மிச்சத்தையும் சொல்லவேண்டும். ஒன்பது வயதுக் குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது? அதற்குப்பின் அண்ணன் கால்பந்து விளையாடப் போகாத ஒவ்வொரு மாலையும் தன்னால்தான் என்று அவளாகவே கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அவள் வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி 2022 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஏப்ரல் 1ஆம் தேதி நாடு திறந்துகொண்டது. மாற்று உறுப்புக்காரர்களுக்குத் தடுப்பூசி மற்றவர்களுக்கு வேலை செய்யும் அளவு செய்வதில்லை என்பதால் நாங்கள் இன்னும் ஒதுங்கியே இருந்தோம். ஒரு கல்யாணத்தில் உறவினர் ஒருவர், "இனிமே பயமில்ல, ஏற்கெனவே நோய் உள்ளவங்கதான் போறாங்க" என்றார். பக்கத்தில் என் மகள் முகக்கவரியோடு நின்றிருந்தாள். எனக்குக் கை நடுங்கியது. நன்றாகத் திட்டினேன். காரில் திரும்பும்போதுதான் அந்த ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. அவர் தன் நிம்மதிக்காக என் மகளைச் செலவுக் கணக்கில் எழுதினார். நான் என் மச்சானை எழுதினேன். அவரைவிட எனக்குக் காரணம் நல்லதாக அமைந்திருந்தது.

போன தீபாவளிக்கு அவன் வந்தான். வாசலிலேயே நின்று, "டெஸ்ட் எடுத்துட்டுதான் வந்தேன் மச்சான், நெகட்டிவ்" என்றான். யாரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் கேட்பதுமில்லை. மகள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஏர்கோன் விஷயத்தை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.