முன்னேற்பாடு அவநம்பிக்கையா?

'வர வேண்டியது வந்தே தீரும். பையைக் கட்டி வைத்தால் நின்றுவிடுமா?' மழைக்காலத்தில் மலையோரக் குடும்பங்களில் இக்கேள்வி எழுவதுண்டு. டார்ச் விளக்கும் மருந்தும் ரேஷன் அட்டையும் வைத்த பையை வாசலருகே மாட்டுவதை அபசகுனமாகக் கருதுவோரும் உண்டு. இறைவனை நம்பியவன் அஞ்சி ஏற்பாடு செய்வானேன் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குப் பக்தியாகத் தோன்றும் இதனைச் சற்றே ஆராய்வது தகும்.

பழங்காலக் கிரேக்கத்தில் இதற்குச் 'சோம்பல் வாதம்' என்றே பெயர். நோய் தீரும் என்று விதி இருந்தால் மருத்துவர் வராமலும் தீரும். தீராது என்றிருந்தால் வந்தும் தீராது. ஆகவே அழைப்பது வீண் என்பது அது. ஸ்டோயிக் தத்துவ ஞானி கிறிசிப்பஸ் தந்த விடை எளியது: நோய் தீர்வது விதியானால், மருத்துவரை அழைப்பதும் அதே விதியில் அடங்கியது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவருக்கும், ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரம் வகுக்க அது தடையாக இருக்கவில்லை. விதியைப் பேசும் குடும்பத் தலைவரும் மழைக்கு முன் கூரையைச் செப்பனிடுகிறார். விறகை உள்ளே அடுக்குகிறார். அப்போதெல்லாம் அவரது நம்பிக்கை குறைந்துவிடுவதில்லை!

ஆனால் இது ஒருவரின் சொந்த நம்பிக்கை பற்றியது மட்டுமன்று. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே மலையேறிய இளைஞர் ஒருவர் தவறி விழுந்து பாறை இடுக்கில் சிக்கினார். நண்பர்களால் மீட்க இயலவில்லை. ஹெலிகாப்டராலும் நெருங்க முடியவில்லை. சுமார் 45 மணி நேரம் உணவும் நீருமின்றி இருந்தவரை ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி மீட்டனர். ஒருவர் கால் இடறினால் வேறொருவர் கயிற்றில் தொங்க நேர்கிறது. ஆகவே ஆயத்தமாக இருப்பது தன்னுயிரின் மீதான பற்று என்பதைவிடப் பிறருயிருக்குச் செலுத்தும் மரியாதை என்பதே பொருந்தும். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிச் செல்வதும், போதிய நீரும் ஒரு விசிலும் கையில் வைத்திருப்பதும் அந்த மரியாதையின் எளிய வடிவங்கள்.

ஏற்பாட்டில் பெரும்பகுதி பொருள் அன்று, அறிவு. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கியே விரையும். ஓடி அதை வெல்ல இயலாது. வெறும் பாறையோ, எரிந்து தணிந்த நிலமோதான் புகலிடம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய குழுவினர் தீயில் சிக்க, 23 பேர் மாண்டனர். அதன் பிறகே பலர் இதை அறிந்தனர். மண்சரிவுக்கும் அறிகுறிகள் உண்டு: தரையில் புது விரிசல், சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, கனமழையிலும் நீர் குறையும் ஓடை. இவற்றைப் பாட்டியும் பேரனும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம்.

எனினும் இவ்வறிவுரைக்கு ஓர் எல்லை உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பலர் கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் செய்தி மறுநாள் காலைதான் வெளியே எட்டியது. அவர்களை நோக்கி 'முன்னேற்பாடாக இருந்திருக்கலாமே' என்று சொல்வது அறமாகாது. லயம் எங்கே அமைய வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. கடமை ஆற்றலுக்கு ஏற்பப் பங்கிடப்படுவது. தொழிலாளி பையைக் கட்டி வைக்கலாம். முதிய தாயை யார் தூக்கிச் செல்வது என்று வீட்டாருடன் பேசி வைக்கலாம். நேரான சுவருள்ள பாத்திரத்தில் மழையை அளந்தும் பார்க்கலாம். பாத்திரம் நிறைந்த இரவில் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது? அந்தக் கதவின் சாவி அவரிடம் இல்லை.