வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் தர்மம்

அய்யா துணை

தர்மம் என்ற சொல்லைக் கேட்டதும் அன்புக்கொடி மக்களின் மனத்தில் முதலில் எழுவது அன்னம். பதியிலும் நிழல் தாங்கலிலும் சாதி பாராமல், வந்தவர் யாரென்று கேளாமல், பசித்த வயிற்றுக்குச் சோறிடுவது அய்யா காட்டிய வழி. அந்தச் சோற்றில் ஒரு பங்கு வாசலில் காத்து நிற்கும் தெருநாய்க்கும் போய்ச் சேர்வதை ஊரில் எல்லாரும் கண்டிருப்பர். நல்ல காரியந்தான். ஆனால் இலையில் மிஞ்சியதைப் போட்டதோடு அந்த ஜீவனுக்குரிய தர்மம் முடிந்துவிடுகிறதா என்பது ஆராய வேண்டிய கேள்வி.

சோறு கண்ட இடத்தில் நாய் தங்கும். பெட்டை நாய் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினையான 63 நாளில் நான்கைந்து குட்டிகளை ஈனும். அவற்றுள் ஆண் குட்டி ஒன்றிரண்டை யாரேனும் வீட்டுக்கு எடுத்துப் போவர். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கமோ குளத்தங்கரையிலோ விட்டுவிட்டு வருவோர் உண்டு. கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள் பசியிலும் மழையிலும் வண்டிச் சக்கரத்திலும் மடிகின்றன. தப்பிப் பிழைத்த பெட்டை ஓராண்டுக்குள் தானும் சினையாகிறது. இந்தத் துயரச் சுற்று நிற்க வழி செய்யாமல் சோறு மட்டும் இடுபவர், அடுத்த ஈற்றில் பிறக்கப் போகும் பட்டினிக்கும் காரணமாகிறார்.

மனிதர் படும் துன்பமும் சிறிதன்று. வெறிநாய்க்கடி நோய் மனிதருக்கு வருவதில் 100-க்கு 99 நாய் வழியாகவே வருகிறது. அதற்குப் பலியாவோரில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளையைப் பெற்றவர் நாயைக் கண்டு அஞ்சினால், அவரை இரக்கமற்றவர் என்று பழிப்பது நியாயமாகாது. அவர் அச்சத்துக்கும் தர்மம் விடை சொல்லியாக வேண்டும்.

சிலர் கண்ட விடை, கொன்றுவிடுவது. சோற்றுருண்டையில் நஞ்சு வைப்பது பல ஊர்களில் நடந்திருக்கிறது. சென்னையில் ஆங்கிலேயர் காலம் தொட்டே தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தனர். நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. 1990-களின் நடுவிலும் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன. காரணம் எளிது. ஒரு தெருவில் குப்பையும் எச்சிலும் இருக்கும்வரை அங்கே நாய் வாழ இடமுண்டு. இருந்தவற்றைக் கொன்றால் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து அந்த இடத்தை நிரப்பும். போட்டி குறைந்ததால் பிறக்கும் குட்டிகளும் கூடுதலாகப் பிழைக்கும். கேப்டன் சுந்தரம் 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொலைக்கு மாற்றாகக் கருத்தடை செய்யலாம் என்பதை 1964 முதலே சொல்லி வந்தது. 1996-ல் மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது. 2001-ல் அதுவே நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023-ல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

அய்யா ஆடு, கோழி, பன்றியைப் பலியிட வேண்டாமென்று விலக்கினார். தன் பயமும் தன் ஆசையும் தீர வேறொரு உயிரை அறுக்கும் வழக்கத்தை அவர் ஒழிக்கச் சொன்னார். நாயைக் கண்டு பயந்தவர் நஞ்சு வைப்பதும் அந்தப் பழைய வழக்கந்தான். பீடம் மட்டுமே இல்லை. திருவனந்தபுரத்தில் அய்யாவின் முன் பசித்த புலியை ஏவிய செய்தியை அகிலம் படிக்கக் கேட்டவர் அனைவரும் அறிவர். புலி பணிந்தது. அந்தப் புலியிடம் பகை இருக்கவில்லை. அதைப் பிடித்து அடைத்து, அதன் பசியை ஆயுதமாக்கியவர்கள் மனிதர்கள். தெருநாயின் கதையும் இதற்கு அயலானதன்று. காவலுக்கென்று வளர்த்து, வேண்டாதபோது தெருவில் விட்டு, குப்பையைக் கொட்டி அதைப் பெருக்கியவர் மனிதர். பிறகு அதன் பல்லை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

இதற்கு நடுவில் சில தொண்டர்கள் ஊருக்கு ஊர் ஒரு வேலை செய்து வருகிறார்கள். தெருத்தெருவாக நாய்களை எண்ணி, நிறமும் அடையாளமும் குறித்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் சோறிட்டு அவற்றின் பயத்தைப் போக்குகிறார்கள். விடியற்காலையில் கையாலோ வலையாலோ பிடித்துக் கருத்தடை மையத்துக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்கிறார். வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படுகிறது. அடையாளத்துக்குக் காதின் நுனியில் சிறு வெட்டு. காயம் ஆறியபின் எந்தத் தெருவில் பிடித்தார்களோ அதே தெருவில் விடுகிறார்கள். ஒரு பகுதி நாய்களில் பத்துக்கு ஏழுக்கேனும் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறும் என்பது மருத்துவக் கணக்கு. கொல்லாமல் குறைப்பது என்பது இதுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். குட்டி ஈனும் வரத்தை ஒரு ஜீவனிடமிருந்து பறிக்க மனிதருக்கு ஏது உரிமை? அதுவும் ஒரு பலிதானே?

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நாயிடம் சம்மதம் கேட்க வழியில்லை. அது நோவு படத்தான் செய்கிறது. ஆயினும் பலிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பலியில் உயிர் போகிறது, பலன் வேறொருவருக்கு. இங்கே உயிர் நிற்கிறது. பலன் அந்த உயிருக்கும் சேர்கிறது. ஈற்றுக்கு மேல் ஈற்றாக ஈன்று பாலின்றி எலும்பாகும் பாடும், ஈன்றதைச் சாகக் கொடுக்கும் பாடும் அதற்கு இனி இல்லை. நஞ்சுருண்டை வைக்கும் கைக்கும் காரணம் குறைகிறது. காட்டு விலங்கின் பிறப்பையும் இறப்பையும் காடே அளந்துகொள்ளும். மனிதரை அண்டிப் பிழைக்கும் நாய்க்கு அந்தக் காடு இல்லை. ஆகவே அதன் பொறுப்பு மனிதரிடமே வந்து சேர்கிறது.

பொறுப்பென்று வந்தால் அதற்கு முறையும் உண்டு. நோவு தெரியாமல் செய்ய வேண்டும். கைதேர்ந்த மருத்துவர் செய்ய வேண்டும். பால் குடிக்கும் குட்டியோடு இருக்கும் தாயைப் பிடிக்காமல் காத்திருக்க வேண்டும். புண் ஆறும்வரை பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மேலே சொன்ன கேள்வி மீண்டும் எழுந்து நிற்கும். அப்போது அதற்கு விடை சொல்ல இயலாது.

தொண்டரின் மனம் சோதிக்கப்படும் இடங்கள் இரண்டு. அறுவைக்கு முந்தின இரவு நாய்க்குச் சோறிடக் கூடாது. தினமும் சோறிட்ட கையைப் பார்த்து அது வாலாட்டும். அந்தக் கை வெறுங்கையாக நிற்க வேண்டும். அன்னமிடுவது தர்மமாக இருப்பதுபோல, அந்த ஓர் இரவு அன்னத்தை நிறுத்துவதும் தர்மமாகிறது. அடுத்தது, நாயைத் திரும்ப விடும் நேரம். "கொண்டுபோனது போனதாக இருக்கட்டும், வேறெங்காவது விட்டுவிடு" என்று தெருவார் சண்டைக்கு வருவர். வேறெங்கோ என்பது வேறொருவர் வாசல். அங்கே அந்த நாயை மற்ற நாய்கள் கடித்துக் குதறும்; விட்ட இடத்தில் ஊசி போடாத புது நாய் வந்து சேரும். இதைக் கோபமின்றி, திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப் பொறுமை வேண்டும். பொறுமையே பெரிதென்று கற்றவருக்கு இது தகுந்த பணிவிடை.

வெறிகொண்ட நாயையும், ஓயாமல் கடிக்கும் நாயையும் தெருவில் விடச் சொல்வது இரக்கம் ஆகாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் ஊசி போட்டுக் கருத்தடை செய்த நாயை அதே இடத்தில் விடலாம் என்று கூறுகையில் இவ்விரண்டையும் விலக்கியே சொன்னது. அவ்வாண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றும்படி ஆணையிட்டது. பிள்ளையின் உயிரும் நாயின் உயிரும் ஒன்றையொன்று தின்னாதபடி வழி தேடுவதே இதன் நோக்கம்.

தொண்டருக்கு மட்டும் உரியதன்று இந்த வேலை. வளர்க்கும் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது வீட்டாரின் கடமை. குட்டிகளைக் கொண்டுபோய் விடாதிருப்பதும், இறைச்சிக் கழிவைத் தெருவில் கொட்டாதிருப்பதும் அவ்வாறே. சோறிடுவோர் பிள்ளைகள் நடமாடும் வாசலை விட்டு ஒதுங்கிய இடத்தில் இட வேண்டும். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பச்சிலை கட்டிக் காத்திருக்கலாகாது.

எளியவரைக் காப்பது தர்மம் என்பதை அன்புக்கொடி மக்கள் நன்கறிவர். எளியவரில் எளியது, தன் துன்பத்தைச் சொல்ல வாயில்லாதது. அதற்குச் சோறிடும் கை, அதன் குட்டி தெருவில் சாகாதிருக்கவும் ஒரு வழி செய்யுமானால், இட்ட சோறு முழுத் தர்மமாகும்.

அய்யா உண்டு.