யார் அள்ள வேண்டிய எண்ணெய்?

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எரிஎண்ணெய் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் ஒதுங்கிக் களியாய் இறுகியது. உறிஞ்சும் இயந்திரங்கள் அதில் திணறின. மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் பாறைகளுக்கிடையே பக்கெட்டை முக்கி, கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். பலரது கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன. எல்லோருக்கும் கையுறைகூடக் கிடைக்கவில்லை.

ஊரே பாராட்டியது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் கொட்டியதை இன்னொருவர் இலவசமாக அள்ளினால், அந்தத் தொண்டின் பலன் யாருக்குப் போகிறது? கடலுக்குப் போகிறது, கொட்டியவருக்கும் போகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூலி வாங்காத உழைப்போ எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அதற்காகக் கைகட்டி நிற்கவும் முடியாது. ஜனவரி என்பது பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். வழக்கு முடியும்வரை எண்ணெய் காத்திருக்காது. ஆகவே போகத்தான் வேண்டும். எப்படிப் போவது என்பதில்தான் அறம் இருக்கிறது.

2023 டிசம்பரில் மீண்டும் அதே நிலை: மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. சர்வதேசத் தன்னார்வலர் தினமான டிசம்பர் 5 அந்த வாரத்தில்தான் வந்தது. அடுத்த நாட்களில் காட்டுக்குப்பத்து மீனவர்கள், மீன்பிடிக்கும் தங்கள் படகிலேயே போய் எண்ணெயை அள்ளினார்கள். வலை பாழ், பிழைப்பும் இல்லை. வேறு வழியற்றவன் செய்யும் வேலைக்குத் தொண்டு என்று பெயர் வைப்பது அவனுக்குச் சேர வேண்டிய கூலியை மறைத்துவிடும்.

2026ஐ நிலைத்த வளர்ச்சிக்கான பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. அந்தப் பெயரில் எண்ணூருக்கு வருபவர்கள் கையுறையையும் முகக்கவசத்தையும் மாசுக்குப் பொறுப்பானவரிடம் கேட்டு வாங்கட்டும். உழைத்த மணிநேரத்தை எழுதி வைத்து, நஷ்டஈட்டு விசாரணையில் தாக்கல் செய்யட்டும். கேமராக்கள் போன பிறகும் மாதாமாதம் வந்து, சேற்றில் பிசுக்கு இருக்கிறதா, எறாவும் நண்டும் திரும்பினவா என்று மீனவர்களோடு உட்கார்ந்து பதிவு செய்யட்டும். படகு ஓட்டிக் காட்டும் மீனவருக்கு அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும்.