மனச்சாட்சியும் காந்த ஊசியும்

"மனச்சாட்சி சொன்னபடி நடந்தேன், வேறு எவருக்கும் நான் பதில் கூற வேண்டுவதில்லை" என்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். பஞ்சாயத்தில் ஒருதலையாகத் தீர்ப்புரைத்தவர் அதையே கூறுகிறார். வேறு சாதிப் பெண்ணை மணந்த மகனின் முகத்தில் விழிக்க மறுக்கும் தந்தையும் அதையே கூறுகிறார். இவர்கள் பொய்யர் அல்லர் என்பதே இதிலுள்ள சங்கடம். அவர்கள் உள்ளம் உண்மையாகவே அவ்விதந்தான் சொல்கிறது. அங்ஙனமாயின் மனச்சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மனச்சாட்சியைத் திசைகாட்டிக்கு ஒப்பிடுவது பழைய வழக்கம். அவ்விதம் ஒப்பிடுவோரில் பலர் அக்கருவியைக் கையிலெடுத்துப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது. பார்த்திருந்தால் அவ்வுவமையின் பொருத்தங்கண்டு சிறிது அஞ்சியிருப்பர்.

சுங்கை சிப்புட்டில், தோட்டமொன்றின் ஓரமாகப் பள்ளிச் சாரணர் சிலர் ஒரு சனி ஞாயிறு பாசறையடித்து, நிலப்படமும் திசைகாட்டியும் கொண்டு வழியறியப் பயின்றதை நாம் பார்த்தோம். செம்பனை நிரைகளுக்குள் புகுந்துவிட்டால் எப்பக்கமும் ஒரே தோற்றம். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் இருந்தும் ஓலைகளுக்கிடையே அது புலப்படுவதில்லை. ஒரு சிறுவன் மரக்கட்டையொன்றின்மேல் தன் பாராங் கத்தியை வைத்து, அதனருகே படத்தை விரித்து, படத்தின்மேல் கருவியை வைத்தான். ஊசி சற்று ஆடிப் பின் நிலைத்தது. அது காட்டிய கணக்குப்படி தூரத்து மரமொன்றைக் குறிவைத்து நடந்தான். ஓடைக்கரையை அடைய வேண்டியவன் சேற்றுப் பள்ளத்தில் போய் நின்றான். அவன் தோழர்கள் சிரித்தார்கள். நம் கருத்தோ ஊசியின் அந்த நிலைத்தன்மையிலேயே தங்கிவிட்டது. இரும்பால் இழுக்கப்பட்ட ஊசி தயங்கி நடுங்கிக்கொண்டிருப்பதில்லை. மெய்த்திசையில் எத்துணை உறுதியாக நிற்குமோ, பொய்த்திசையிலும் அத்துணை உறுதியாகவே நிற்கிறது. (கைப்பேசி இருக்க ஊசி எதற்கென்பார் உளர். கைப்பேசியின் திசைகாட்டியும் காந்தத்தை உணர்ந்தே திசை கூறுகிறது. இரும்பு அதற்கும் பகைதான்.)

இரும்பே இல்லாத வெளியிலும் ஊசி காட்டுவது காந்த வடக்கையேயன்றி மெய்வடக்கையன்று. இவ்வேறுபாடு இடந்தோறும் காலந்தோறும் மாறும். லண்டன் நகரில் 1580-ல் ஊசி ஏறக்குறைய 11 பாகை கிழக்கே சாய்ந்திருந்தது. 1820-ஐ ஒட்டி 24 பாகை மேற்கே சாய்ந்திருந்தது. நம் பேராவில் அது ஒரு பாகைக்கும் குறைவாதலால் சிறுவர்கள் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மனிதர் மனச்சாட்சியும் காலந்தோறும் இங்ஙனம் சாய்ந்தே வந்திருக்கிறது. 1829-ல் வங்காளத்தில் சதி சட்டத்தால் தடுக்கப்பட்டபோது தருமம் அழிந்ததென்று புலம்பியவர்கள் தம் உள்ளத்துக்கு விரோதமாகவா புலம்பினார்கள்?

நிற்க. காலத்தின் சாய்வைவிட அருகிலிருக்கும் இரும்பே நமக்கு அதிகக் கேடு செய்கிறது. நம் தொழிலிலேயே ஒரு பழைய வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டங்களில் வேலை குறைந்ததென்று கூறி முன்னர் அரைநாட் கூலி பதிந்ததுண்டு. அதற்கு 'அரைப்பேர்' என்று பெயர். பதிந்த கிராணி ஒரு காசும் திருடாதவராக இருக்கலாம். இரவில் அவருக்கு நல்ல உறக்கமும் வந்திருக்கலாம். அவருடைய சம்பளமும் துரையின் மெச்சுதலும் மேசையருகே இரும்பாகக் கிடந்ததை அவர் அறிந்திலர்.

அறிவதற்கு வழியுண்டு. சேற்றில் நின்ற சிறுவனிடம் ஆசிரியர் அங்கிருந்தே புறப்பட்ட இடத்தைத் திரும்பி நோக்கிப் பாகை குறிக்கச் சொன்னார். முன்னோக்குக்கும் பின்னோக்குக்கும் சரியாக 180 பாகை வேறுபாடு இருக்க வேண்டும். இல்லையாயின் இரண்டு இடங்களில் ஒன்றிலாவது இரும்பு இருக்கிறது. நிலமளப்போர் கையாளும் இம்முறையை நாம் பல நீதி நூல்களுக்கு மேலாக மதிக்கிறோம். கிராணி மேசையிலிருந்து நிரையை நோக்கினார். விடியுமுன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவந்த பெண்ணின் இடத்தில் நின்று, அந்த மேசையை அவர் ஒரு முறையேனும் நோக்கியதுண்டா?

சாரணர் இயக்கமே இச்சோதனைக்கு உள்ளானதுதான். பேடன் பவல் 1908-ல் வகுத்த சட்டங்களில் ஒன்று, எந்த வகுப்பினனாயினும் சாரணன் சாரணனுக்குச் சகோதரன் என்பது. ஆயினும் இந்தியாவில் அவ்வியக்கம் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே திறந்திருந்தது. அச்சட்டத்தை அவர் மனமறிந்து பொய்யாக எழுதினார் என்று நாம் கருதவில்லை. ஆளும் இனத்தாரின் இடத்திலிருந்து பார்க்கையில் ஊசி அசையாமல்தான் நின்றது. 1917-ல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் நிறுவினார். 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு நேரில் வந்தார். அச்சங்கமும் அவர் இயக்கத்தோடு இணைந்தது.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டென்பதை மறைக்க வேண்டுவதில்லை. இரு முனையிலும் ஒரே அளவில் இரும்பு இழுக்குமாயின் கணக்குப் பொருந்திவிடும். அரைப்பேர் வாங்கிய பெண்ணே "என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டால், மேசையும் நிரையும் ஒத்துப்போகின்றன. ஆனால் நியாயம் கிட்டியதாகாது. அப்போது மூன்றாவதோர் இடத்திலிருந்து நோக்குவது அவசியமாகிறது. மலாயாவில் தோட்டத் தொழிலாளரின் பல சங்கங்கள் 1954-ல் ஒன்றுபட்டுத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. ஒரு லயத்துப் பெண் வேறு தோட்டத்துப் பெண்ணோடு உட்கார்ந்து, அங்கே கூலி எவ்வளவு, எத்தனை மணிக்குப் பெரட்டு என்று கேட்க அங்கே இடம் இருந்தது.