ஈவது தயவன்று, கடமை

பாவில் ஓர் இழை அறுந்தால், ஆரணி நெசவாளி தறியை நிறுத்தி, இழையை முடிந்த பிறகே மேலே நெய்கிறார். அல்லாஹ் படைத்த மனிதகுலமும் ஒரே பாவுதான்.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களைப் பறித்தது. அந்தத் துயரிலும் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் உதவி சுமந்து சென்றன. அடிபட்ட நாடே கொடுத்ததென்றால், அடிபடாத செல்வ நாடுகள் தயங்கலாமா?

செல்வத்தில் ஏழைக்கு உரிமையுண்டு என்பது திருமறையின் போதனை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் தருமமே பாழாகும். நாடுகளைக் கேட்குமுன் நம்மைக் கேட்போம்: குழித்தறியில் மழைநீர் புகுந்து வேலையிழந்த அண்டை வீட்டில் இன்று அடுப்பெரிந்ததா?

வல்ல அல்லாஹ் நமக்கு ஈயும் மனத்தை அருள்வானாக! ஆமீன்.